ஆனைக்கல் கோட்டைக்கு எத்தனை படி

ஆனைக்கல் கோட்டைக்கு எத்தனை படி என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள், சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்பார்கள், பெண்ணுக்கு ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள், ஆனால் படியை மட்டும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் எங்கள் கோட்டையின் படிகள் ஆளுக்கு ஆள் மாறும், ஏறுகிறவர் உள்ளுக்குள் எவ்வளவு தனியாக இருக்கிறாரோ அவருக்கு அவ்வளவு படி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூற்றைம்பது படியில் உச்சிக்குப் போய் பீரங்கி மேல் உட்கார்ந்து காலை ஆட்டுவார்கள், அவர்களைக் கூட்டி வந்த தலைமையாசிரியர் எண்ணூறு ஏறி வேர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது அவர்கள் கொண்டுவந்த முறுக்கு தீர்ந்திருக்கும். ஆடுகளுக்கு எல்லா நாளும் ஒரே எண்ணிக்கை என்று மேய்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஏறினாலும் இதே கதைதான். பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தவர் ஒரு படியில் காலை வைப்பார், அவருக்கு அது உச்சி, நமக்கு அது இன்னுமொரு படி. நிமிர்ந்து பார்த்தால் அவர் தூரத்தில், கோட்டைவாசலில், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். இறங்கும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே கணக்கு, இருநூற்று எண்பது, அதில் யாருக்கும் சலுகையும் கிடையாது தண்டனையும் கிடையாது.

இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. ஒரு காலத்தில் படிகளை அளந்து பலகை வைக்க அரசாங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் மூன்று எண்ணிக்கை சொன்னார்கள், அதில் புதிதாகக் கல்யாணமானவர் நூற்றுத் தொண்ணூறு என்றும், அவருடைய மேலதிகாரி ஆயிரத்து முந்நூறு என்றும் எழுத, மேலதிகாரி கீழே வந்து அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதனால்தான் நுழைவாயில் பலகையில் 'மொத்தப் படிகள்' என்பதற்கு எதிரே இன்றைக்கும் வெறும் பெயிண்ட். உச்சியில் இருந்த அனுமாருக்குப் பூஜை செய்தவர் தம் மனைவி போன பிறகு காலையில் கிளம்பினால் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தார், சாமி பட்டினி கிடக்கக் கூடாது என்று ஊர் கூடிப் பேசி அனுமாரையே கீழே தூக்கிக்கொண்டு வந்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வைத்துவிட்டோம். தேர்தலுக்கு நிற்கிறவர்கள் யாரும் மலையேறிப் பிரச்சாரத்தைத் தொடங்குவதில்லை. இதற்கெல்லாம் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் படி எவ்வளவு வரும் என்று தெரியாதது ஒரு பெரிய விஷயமா.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாருக்காவது உச்சி வராமலே போய், ஏறிக்கொண்டே இருந்துவிட்டு அவர் பாதியில் இறங்கி வந்தால், அன்று சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அவர் வீட்டுக்குக் குழம்பு வரும். "இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா வச்சுட்டேன்" என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும், வேறு எதுவும் சொல்லக் கூடாது. தனியாக இருக்கிற கிழவருக்கு அது ஆறுதல். வீட்டில் பெண்டாட்டி இருக்கிற ஆளுக்கு அப்படிக் குழம்பு வந்தால், அந்தப் பெண்டாட்டிக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

நான் எத்திராஜ், கைடு. ஒரு நாள், ஒரு கார், மூன்று கோட்டை, இதுதான் என் தொழில். காலையில் மண்கோட்டை, அங்கே மண்ணும் இல்லை கோட்டையும் இல்லை, அகழியில் அல்லி மட்டும் இருக்கிறது. அடுத்து களஞ்சியக்கோட்டை, கூரை போன நெற்களஞ்சியத்துக்குள் நின்று கைதட்டினால் ஏழு முறை திருப்பித் தட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆனைக்கல். மற்ற கைடுகள் வேன் வேனாகக் கூட்டம் சேர்ப்பார்கள், நான் தனியாக வருகிறவர்களை மட்டும்தான் கூட்டிப் போவேன், "ஒருத்தருக்கு ஒரு கைடு, அதான் சார் மரியாதை" என்று போனில் பெருமையாகச் சொல்லுவேன். அது வடிகட்டிய பொய். கூட்டத்தோடு ஏறினால் கூட்டம் உச்சிக்குப் போய்விடும், கைடு கீழே மூச்சுவாங்கிக்கொண்டிருப்பான். தனியாக ஊர் சுற்றுகிறவர்களுக்கு என்னைவிட நாலு படியாவது கூடுதலாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன், அந்தக் கணக்கு ஒன்பது வருஷம் தப்பவில்லை, நான் முன்னால் போய் நின்று "வாங்க சார், மெதுவா வாங்க" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டு, பீரங்கியின் வரலாற்றை ஆரம்பிப்பேன்.

என் பெண்டாட்டி வேதவல்லிக்கு நான் செய்ததை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

கல்யாணமான மூன்றாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் மலையேற வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சடங்கு. பெண் முதலில் ஏறுவாள், பின்னால் மாப்பிள்ளை, உச்சியில் உடைந்த மண்டபத்தில் நின்று ஒருவர் காதில் ஒருவர் தங்கள் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். யாரும் நிஜத்தைச் சொல்வதில்லை. மாப்பிள்ளைக்கு அவன் மாமாவும் பெண்ணுக்கு நாத்தனாரும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், முந்நூறு என்று சொல், அதுதான் முறை. இரண்டு பேரும் முந்நூறு சொல்லி, இரண்டு பேரும் பொய் என்று தெரிந்து, சிரித்துக்கொண்டு இறங்கி வருவார்கள், அதற்குப் பிறகு அவரவர் பாடு. வேதவல்லி அரக்கோணத்துப் பெண், அவளுக்கு இது தெரியாது. சொல்லித்தர வேண்டிய என் அக்கா, கல்யாணத்துக்குத் தனக்கு எடுத்த புடவையின் கரை சின்னதாக இருந்தது என்று கோபித்துக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை.

வேதவல்லி என் காதருகே வந்து, "ஆயிரத்து நூத்தி நாப்பது" என்றாள்.

நான் முந்நூறு என்றேன். பிறகு சிரித்தேன். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கீழே வந்து அக்காவிடம் வேடிக்கையாகச் சொன்னேன், அக்கா தெருவுக்குச் சொன்னாள், தெரு ஊருக்குச் சொல்லியது, ஒரு வருஷம்வரை தண்ணீர்க் குழாயடியில் என் பெண்டாட்டிக்குப் பெயர் ஆயிரத்து நூறு. அன்றைக்கு எனக்கு வந்த படி ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு. அவளைவிட முப்பத்திரண்டு அதிகம். செருப்பு அறுந்துவிட்டது, அதனால்தான் நேரமாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். இருபத்தோரு வருஷமாக அந்த நிஜத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளும் அதற்குப் பிறகு மலைப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நாங்கள் சண்டை போடுகிறவர்கள் இல்லை. சோறு போடுவாள், சாப்பிடுவேன், கேஸ் தீர்ந்துவிட்டது என்பாள், சொல்லிவைப்பேன். மகள் பிறந்த வருஷம் எனக்குப் படி ஐந்நூறுக்கு இறங்கியது, அவள் ஓசூருக்கு வேலைக்குப் போனதும் மறுபடி ஏற ஆரம்பித்தது, போன வருஷம் ஆயிரத்து அறுநூறைத் தாண்டியது. அதற்கு மேல் தனியாக வருகிற விருந்தாளிகளையும் நம்ப முடியாத நிலைமை.

போன மாசி மாதம் நாகர்கோவிலிலிருந்து ரோஸ்லின் பாய் என்று ஓர் அம்மாள் வந்தார். ரிட்டயர்டு நர்ஸ், அறுபத்து நாலு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை, ஒரு சின்னப் பையும் குடையும். காரில் ஏறியதும் இதையெல்லாம் அவரே சொன்னார், நான் மனசுக்குள் இரண்டாயிரம் படிக்குக் குறையாது என்று முடிவு கட்டிக்கொண்டு நிம்மதியாக வண்டியை எடுத்தேன். களஞ்சியக்கோட்டையில் கைதட்டச் சொன்னேன். அவர் தட்டவில்லை, உள்ளே நின்று, "ஆரு, ரோஸ்லினா? சொகமா?" என்று கேட்டார். ஏழு முறை சொகமா சொகமா என்று திரும்பி வந்தது, ஏழு முறையும் "சொகந்தான்" என்று பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனைக்கல்லில் டிக்கெட் கிழிக்கும் முனிரத்தினம் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டபோது மணி இரண்டு. நூறு படி வரை அவர் குடையை ஊன்றிக்கொண்டு, தான் வேலை பார்த்த பிரசவ வார்டில் ஒரே நாளில் பதினாறு குழந்தைகள் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். இருநூறில் கொஞ்சம் நின்று தண்ணீர் குடித்தார். இன்னும் ஆறு படி ஏறினார், பதினாறாவது குழந்தையின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார், பக்கத்தில் ஆள் இல்லை.

மேலே பார்த்தேன். கோட்டைவாசலில் குடை தெரிந்தது.

அவசரமாக ஏறினேன். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து அறுநூறு. வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடித்தது, குடை முதலில் தெரிந்த இடத்திலேயே அதே அளவில் நின்றது. மேலிருந்து அந்த அம்மாள், "தம்பி, மெள்ள வாங்க, அவசரமில்ல" என்று கூப்பிட்டார், நான் இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன அதே சொல். இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து வரை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை. ஒரு படியில் உட்கார்ந்தேன், வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

மணி நாலரைக்கு அவரே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமாகத்தான் இருந்தார்.

"கைடு இல்லாம நானா கல்லப் பாத்திட்டு வந்தேன். அந்த மண்டபம் என்னது, பீரங்கி ஆருக்குள்ளது, ஒண்ணும் வெளங்கல்ல. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

"மன்னிச்சிடுங்கம்மா. உடம்புக்கு முடியல."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, நான் நாப்பது வருசம் நாடி புடிச்சவ." என் மணிக்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு விட்டார். "எனக்கு இருநூத்தி ஆறு படி. ஒங்களுக்கு எவ்வளவு?"

எங்கள் ஊரில் பிறந்த யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வெளியூர் அம்மாள், கேட்டுவிட்டார். முந்நூறு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது, ஆனால் அதைச் சொல்லும் லட்சணத்திலா உட்கார்ந்திருந்தேன்.

"வீட்டுல ஆரெல்லாம் இருக்கா?" என்றார்.

"பொண்டாட்டி இருக்கா."

"ஓ," என்றார் ரோஸ்லின் பாய், கோபம் போய்விட்டது. கைப்பையிலிருந்து ஒரு நேந்திரம்பழத்தை எடுத்து உரித்துப் பாதி எனக்குக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது, பழத்தை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அவரைப் பேருந்து ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குப் போவதற்குள் எனக்கு முன்னால் செய்தி போய்விட்டது. முனிரத்தினம் நல்ல மனுஷன், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான், ஆனால் விருந்தாளி தனியாக உச்சிக்குப் போனதையும் கைடு பாதியில் உட்கார்ந்ததையும் அந்த வழியே ஏறி இறங்கிய ஒரு கல்லூரிக் கூட்டமே பார்த்திருந்தது. பொழுது சாய்வதற்குள் முதல் வீட்டிலிருந்து கத்திரிக்காய்க் காரக்குழம்பு வந்தது.

"இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா வச்சுட்டேன், வேதா."

பத்து நிமிஷத்தில் எதிர்வீட்டிலிருந்து பருப்புருண்டைக் குழம்பு. "கொஞ்சம் அதிகமா வச்சுட்டேன்." அப்புறம் என் அக்காவே வந்தாள், கையில் எவர்சில்வர் தூக்கு, அவளும் அதையேதான் சொன்னாள், ஆனால் வேதவல்லியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வேதவல்லி ஒவ்வொன்றையும் இரண்டு கையால் வாங்கி, அடுப்பு மேடையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தட்டு போட்டு மூடினாள். அவள் காலையிலேயே செய்திருந்த கீரைக்குழம்பு ஓரத்தில் இருந்தது. நான் அதைத்தான் ஊற்றிக்கொண்டேன், மற்றதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றிருந்தாள்.

"நாளைக்கு யார்னா வர்றாங்களா?" என்றாள்.

"பெங்களூர்லேருந்து ஒருத்தர்."

"வேணாம்னு சொல்லிடுங்க. என்ன இட்டுனு போங்க."

காலையில் ஏழு மணிக்கு நானும் என் பெண்டாட்டியும் மலையடிவாரத்துக்குப் போனோம். முனிரத்தினம் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். டிக்கெட் வாங்க வேண்டாம் என்று சைகை காட்டினான், அவள் கேட்கவில்லை, ஒரு டிக்கெட் வாங்கி அதைப் படித்துப் பார்த்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் படியில் கால் வைத்தபோது எனக்கு ஒரே ஒரு பயம்தான். அவள் இருநூறிலோ முந்நூறிலோ சட்டென்று மேலே போய்விடுவாள், ரோஸ்லின் பாய் போனதுபோல, நான் மறுபடி கீழே நிற்பேன். என்னைத் தனியாக விட்டுவிட்டு அவள் எப்போதோ தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்திருப்பாள், அப்படிக் கண்டுபிடித்திருந்தால் அது நியாயமும்தான் என்று தோன்றியது. வாய் சும்மா இருக்கவில்லை, பழக்க தோஷத்தில், "இது வந்து, பதினாறாம் நூற்றாண்டுல ஒரு பாளையக்காரர்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு அதெல்லாம் வேணாம்," என்றாள். "அன்னிக்கு இன்னாத்துக்கு சிரிச்சீங்க?"

இருநூறு தாண்டியது. அவள் பக்கத்தில்தான் இருந்தாள். முந்நூறு தாண்டியது. இருபத்தோரு வருஷம் நான் பயந்த கேள்வி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அவள் பதிலுக்காகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

"பயந்துட்டேன்," என்றேன். "நீ உள்ளத சொல்லிட்ட. நான் என்னடான்னா பொய் சொல்லிட்டு நிக்கறேன். எனக்கு அன்னிக்கு ஆயிரத்து நூத்தி எழுபத்திரண்டு, வேதா. உன்ன விட முப்பத்திரண்டு ஜாஸ்தி. செருப்பு அறுந்துபோச்சுன்னதும் பொய்."

அவள் நின்றாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள். கீழே எங்கள் ஊர் தெரிந்தது, தகரக் கூரைகள், ரைஸ்மில் புகை, பேருந்து நிலையம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழாயாண்ட நிக்கறப்ப கூப்டுவாங்க," என்றாள். "ஆயிரத்து நூறு, கொடத்த எடும்பாங்க. வூட்டுக்கு வந்து உங்க மூஞ்சியப் பாப்பேன். இந்த ஆளுக்கு முந்நூறுதான், இந்த ஆளுக்கு நம்மளப் புரியவே போறதில்லன்னு நெனச்சுக்குவேன். அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கொடத்த அவங்க தலையில கவுத்துட்டு வந்திருப்பேன்."

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?" அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அது பரிதாபமில்லை, சுத்தமான கோபம். "இருபத்தோரு வருஷம் ஒரே வூட்ல ரெண்டு பேரும் தனித்தனியா ஏறினு இருந்திருக்கோம். யார்னா கேட்டா சிரிப்பாங்க."

எழுந்து விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தாள். இதோ போய்விட்டாள் என்று நினைத்தேன். நிஜத்தைச் சொன்னவுடன் மலை மனமிரங்கி உச்சியை இறக்கி நீட்டும் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்ததும் உண்டு, ஒளிப்பதற்கில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. எழுநூறு வந்தது, ஆயிரம் வந்தது, அவளும் இருந்தாள் நானும் இருந்தேன். மத்தியானம் ஆயிற்று. எங்களைத் தாண்டி ஒரு புதுக் கல்யாண ஜோடி போனது, அந்தப் பெண் கல்லூரிப் பிள்ளைபோல ஓடி மறைந்தாள், மாப்பிள்ளை அசடு வழிந்துகொண்டு பின்னால் வந்தான். வேதவல்லி அவனை நிறுத்தி, "தம்பி, மேல போய் உள்ளத சொல்லு," என்றாள். அவன் எங்கள் ஊர்க்காரன், காது சிவந்துபோய்த் தலையை ஆட்டிவிட்டு ஏறினான்.

இரண்டாயிரத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தூக்குவாளியைத் திறந்தாள், உள்ளே சோற்றோடு பிசைந்த எதிர்வீட்டுப் பருப்புருண்டைக் குழம்பு. "வீணாப் போகக் கூடாதுல்ல," என்றாள். குழம்பு நன்றாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே வாளியில் கை விட்டுச் சாப்பிட்டோம், எங்களுக்கு அது வழக்கமில்லை, அதனால் கை இரண்டு தடவை இடித்துக்கொண்டது, இரண்டு தடவையும் யாராவது ஒருவர் கையை இழுத்துக்கொண்டோம்.

அதற்கு மேலும் ஏறினோம். நான் எண்ணவில்லை, அவள் எண்ணினாளா என்று கேட்கவில்லை. உச்சி காலையில் எந்தத் தூரத்தில் தெரிந்ததோ அதே தூரத்தில் தெரிந்தது, வாசலில் ஆட்கள் வந்து நின்று, பார்த்து, போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு முட்டி வலித்தது, அவளுக்கு அதைவிட வலித்திருக்கும், ஒரு செங்குத்தான வளைவில் அவள் கையை நீட்டினாள், பிடித்துத் தூக்கிவிட்டேன், ஏறியதும் கையை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் கீழே முனிரத்தினம் விசில் ஊதினான். மூடும் நேரம். எங்களுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, மேலேயும் யாரும் இல்லை, ஆடுகள்கூட இறங்கிவிட்டன. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, இவ்வளவு சொல்லியும், இவ்வளவு ஏறியும், இரண்டு பேருக்கும் உச்சி வரவில்லையே என்று.

வேதவல்லி மேலே ஒரு முறை பார்த்தாள். பிறகு கீழே பார்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போயிருந்த கல்லைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டினாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் கெளம்பணும்," என்றாள். "வெயிலுக்கு முன்ன."

நான் போனை எடுத்து, மறுநாள் வருவதாக இருந்த சேலத்துக்காரருக்கு, வர வேண்டாம், வேறு ஆள் இருக்கிறார் என்று சொன்னேன்.